கேள்வி பதில்: வீட்டில் கட்டிய வால்வு மைக்

சென்ற இதழில் வீட்டிலேயே கட்டக்கூடிய ஒரு வால்வு கண்டென்சர் மைக்கின் சுற்றைக் கொடுத்திருந்தேன். இஎஃப்86 வால்வு (வெற்றிடக் குழாய்), டிரையோடாக, அதாவது பிளேட், கிரிட், கேத்தோடு என்ற மூன்று மின்முனைகள் உள்ளதாக இணைத்தது. 120 வோல்ட் சப்ளை. பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 2.2 கிலோ ஓம். ஒலியை வாங்கும் கேப்சூலுக்கு 60 வோல்ட், அது 1 ஜிகா ஓம் வழியாக. கேப்சூலுக்கும் கிரிட்டுக்கும் இடையே 1,000 பைக்கோ ஃபாரட். கிரிட்டிலிருந்து தரைக்கு இன்னொரு 1 ஜிகா ஓம். கடைசியில் 10:1 டிரான்ஸ்ஃபார்மர். கட்டிப் பார்த்த பலர் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேர் வால்வின் மேல் பழி போட்டு, வேறு நல்ல வால்வு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இந்தப் பதில்களைப் படித்து முடிக்கும்வரை யாரும் புது வால்வு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேப்சூலில் 60 வோல்ட் வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் மல்டிமீட்டர் வெறும் 0.6 வோல்ட்தான் காட்டுகிறது. ஜிகா ஓம் ரெசிஸ்டரை மாற்றியும் அதே கதை. எங்கே தவறு?
– மதுரை வாசகர்

உங்கள் மைக்கில் எந்தத் தவறும் இல்லை. ரெசிஸ்டரும் நன்றாகவே இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். நீங்கள் அதன் முனையைக் கேப்சூலில் வைத்த கணத்திலேயே 1,000 மெகா ஓமும் 10 மெகா ஓமும் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 60ஐ 10ஆல் பெருக்கி 1,010ஆல் வகுத்துப் பாருங்கள், 0.59 வரும். மீட்டர் காட்டியது மிகச் சரியான எண். சொல்லப்போனால், ஜிகா ஓம் ரெசிஸ்டர் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

60 வோல்ட்டை ஜிகா ஓமுக்கு முந்தைய பக்கத்தில் அளக்க வேண்டும். 120 வோல்ட்டை இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களால் பாதியாக்குகிறோமே, அந்த நடுமுனையில் வையுங்கள். அங்கும் மீட்டர் கொஞ்சம் இழுக்கும். 57 வோல்ட் அளவில் காட்டினால் சரி. பிளேட்டிலும் கேத்தோடிலும் இந்தச் சிக்கல் இல்லை. பிளேட்டில் ஏறக்குறைய 60 வோல்ட், கேத்தோடில் 1.2 வோல்ட் பக்கம் வந்தால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. கிரிட்டில் மட்டும் மீட்டரை வைக்கவே வேண்டாம். அங்கே காட்டும் எந்த எண்ணும் உங்களை ஏமாற்றும்.

மைக் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. மழை தொடங்கியதிலிருந்து போட்டவுடன் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் சத்தம் வருகிறது. ஒரு மணி நேரம் போனால் அடங்கிவிடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும். வால்வு போய்விட்டதா? இரண்டு வால்வு மாற்றிவிட்டேன்.
– நாகர்கோவில் வாசகர்

இது எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி. ஒலிப்பதிவுக் கூடங்களில் மைக் பராமரித்த காலத்தில் கடலோர ஈரம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. விரிவாகவே சொல்கிறேன்.

கேப்சூல் என்பது வெறும் 70 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர். தங்கம் பூசிய, ஆறு மைக்ரான் அளவே தடிமன் உள்ள ஒரு படலம். அதற்குப் பின்னால் மயிரிழையைவிடக் குறுகிய காற்று இடைவெளி. அதற்கும் பின்னால் துளைகள் போட்ட பித்தளைத் தட்டு. படலம் அசையும்போது கெப்பாசிட்டன்ஸ் மாறுகிறது. மின்னூட்டம் மாறாமல் இருந்தால்தான் அந்த மாற்றம் மின்னழுத்தமாக வெளிப்படும். மின்னூட்டத்தை ஓடவிடாமல் பிடித்து வைப்பதற்காகத்தான் அத்தனை பெரிய ரெசிஸ்டர்களைப் போடுகிறோம். இப்போது யோசித்துப் பாருங்கள். ஆயிரம் மெகா ஓமை விலை கொடுத்து வாங்கி வைத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே விரல் வியர்வையும் ஈயம் பற்றவைத்த ஃப்ளக்ஸும் படிந்து ஈரத்தில் ஊறினால், அந்த அழுக்குப் பாதையின் தடை சில நூறு மெகா ஓமுக்கு இறங்கிவிடும். அது நிலையாகவும் நிற்காது; காய்ந்தும் நனைந்தும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் கிரிட்டில் ஒரு வெடிச்சத்தம். வால்வின் சூட்டில் ஈரம் உலர்ந்ததும் சத்தம் அடங்குகிறது. நீங்கள் எழுதிய "ஒரு மணி நேரம்" அதைத்தான் சொல்கிறது.

ஆனால் ஊகத்தில் எதையும் பிரிக்கக் கூடாது. முதலில் கேப்சூல் குற்றவாளியா, சுற்று குற்றவாளியா என்று பிரித்துவிடுங்கள். சப்ளையை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, கேப்சூலின் இணைப்பைக் கழற்றுங்கள். அதன் இடத்தில் 68 பைக்கோ ஃபாரட் பாலிஸ்டைரீன் அல்லது மைகா கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். மைக்கின் உறையை முழுவதும் மூடிய பிறகே மின்சாரம் கொடுங்கள். திறந்து வைத்தால் வீட்டு மின்கம்பிகளின் ஹம் வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். சத்தம் நின்றுவிட்டால் ஈரமோ தூசியோ கேப்சூலில் இருக்கிறது. தொடர்ந்தால் அது ரெசிஸ்டர், இணைப்புக் கெப்பாசிட்டர், வால்வு சாக்கெட், வால்வு ஆகிய நான்கில் ஒன்று.

அந்த நான்கில் எது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. பிளேட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு, கிரிட்டின் 1 ஜிகா ஓமின் இரு முனைகளையும் சிறு கிளிப் கம்பியால் இணைத்து, கிரிட்டைத் தரையோடு சேர்த்துப் பாருங்கள். பிளேட் மின்னழுத்தம் அசையாமல் நின்றால் கிரிட்டில் கசிவு இல்லை. சில வோல்ட் தாவினால் எங்கிருந்தோ மின்னோட்டம் கிரிட்டுக்குள் நுழைகிறது. அடுத்து அந்த 1,000 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடியும் பாருங்கள். இப்போது தாவல் போய்விட்டால் கசிவு கெப்பாசிட்டரில். அப்போதும் இருந்தால் சாக்கெட்டையும் சுற்றுவட்டாரத்தையும் துடைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அதன் பிறகும் இருந்தால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் கெப்பாசிட்டரைப் பற்றி ஒரு கணக்கு. அதன் ஒரு பக்கம் 60 வோல்ட், மறுபக்கம் கிரிட். அதன் காப்புத்தடை 1,00,000 மெகா ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குப் பிரமாதமான எண். ஆனாலும் 0.6 நானோ ஆம்பியர் கசியும். 1 ஜிகா ஓமில் அது 0.6 வோல்ட்டாகக் கிரிட்டில் ஏறும். வால்வின் பயாஸே, அதாவது கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே இருக்க வேண்டிய மின்னழுத்தமே, 1.2 வோல்ட்தான், அதில் பாதி போய்விட்டது! கையில் கிடைத்த செராமிக் கெப்பாசிட்டரைப் போட்டவர்கள் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பாலிஸ்டைரீன்தான் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை: கேப்சூலைக் கழற்றி மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள். வால்வு சாக்கெட், இரண்டு ஜிகா ஓம் ரெசிஸ்டர்கள், அவற்றைத் தாங்கும் முனைகள் எல்லாவற்றையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவுங்கள். அழுக்குக் கரைந்த ஆல்கஹாலை அங்கேயே காயவிடாமல், புதிதாக ஊற்றி வழித்தெடுங்கள். அதன்பின் அந்த ரெசிஸ்டர்களின் உடலை விரலால் தொடவே கூடாது. கால்களை இடுக்கியால் பிடியுங்கள். கிரிட் முனை சர்க்யூட் பலகையில் படியும்படி கட்டியிருந்தால் அதைப் பலகையிலிருந்து விடுவித்து, டெஃப்லான் தூண் ஒன்றின் மேல் காற்றில் நிற்கும்படி மறுபடியும் கட்டுங்கள். இந்த ஒரு மாற்றம் நீங்கள் வாங்கிய இரண்டு வால்வுகளையும்விட அதிகப் பலன் தரும்.

கேப்சூலிலேயே ஈரம் என்றால் ஆல்கஹால் பக்கத்திலேயே போகக் கூடாது. ஊதவும் கூடாது, மூச்சிலும் ஈரம்தான். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரு நாள் வையுங்கள். உலர்ந்தும் வெடித்தால் படலத்துக்கும் தட்டுக்கும் இடையே தூசி இருக்கிறது. அதைச் சரிசெய்வது தேர்ந்தவர் கையில் மட்டுமே நடக்க வேண்டிய வேலை. ஈரக் காலத்தில் மைக் எப்போதும் அந்த டப்பாவில்தான் தூங்க வேண்டும். பதிவுக்கு அரை மணி முன்பே மின்சாரம் கொடுத்துவிட வேண்டும்.

பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்த இசிசி83 என்னிடம் இருக்கிறது. இஎஃப்86க்குப் பதில் அதைப் போட்டேன். ஒலி மெலிந்து, இரைச்சல் கூடுதலாக இருக்கிறது. அதிகப் பெருக்கம் தரும் வால்வுதானே நல்லது? விஎஃப்14 வாங்கினால் யூ47 போன்ற ஒலி வருமா?
– கோயம்புத்தூர் வாசகர்

இந்த இடத்தில் பெருக்கம் நமக்குப் பெரிய விஷயமில்லை. ஒலி அளவை உயர்த்துவது பின்னால் வரும் ப்ரீஆம்ப்ளிஃபயரின் வேலை. 70 பைக்கோ ஃபாரட் கேப்சூலைச் சேதமில்லாமல் ஏந்தி, டிரான்ஸ்ஃபார்மரைத் தெம்பாக இழுப்பதுதான் மைக்கிலுள்ள வால்வின் கடமை. 100 வோல்ட்டில் இசிசி83இன் பிளேட் தடை 80 கிலோ ஓம். அதோடு 10:1 டிரான்ஸ்ஃபார்மரை இழுக்கச் சொன்னால் கீழ்ச் சுருதி நழுவும். ப்ரீஆம்ப்ளிஃபயரின் பாரத்தில் ஒலியும் இறங்கும். பெருக்கம் கூடக்கூட, பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையிலுள்ள ஒன்றரைச் சொச்சம் பைக்கோ ஃபாரட்டும் பெருகித் தெரியும். மில்லர் விளைவு என்பது இதுதான். 50 மடங்கு பெருக்கத்தில் அது 80 பைக்கோ ஃபாரட்டாகக் கேப்சூலின் தலையில் உட்காரும். கேப்சூலின் மின்னழுத்தத்தில் பாதிக்கு மேல் வாசலிலேயே போய்விட்டது. இரைச்சல் கூடியதன் காரணமும் அதுவே. டிரையோடாக இணைத்த இஎஃப்86இலும் மில்லர் விளைவு உண்டு. ஆனால் பிளேட் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 6ஏகே5, 5840 ஆகியவையும் டிரையோடு இணைப்பில் நன்றாகப் பாடும். 5840ஐச் சாக்கெட் இல்லாமல் நேரடியாகப் பற்றவைக்கலாம் என்பதால் கசியும் ஒரு பொருள் குறைகிறது; எனக்கு அது மிகவும் பிடித்த வால்வு.

விஎஃப்14க்கு வருவோம். பெர்லின் நியூமன் நிறுவனத்தின் யூ47 1949இல் வந்தது. அதில் இருந்தது டெலிஃபுங்கன் தயாரித்த விஎஃப்14 என்ற இரும்பு உடல் வால்வு. வால்வைச் சூடாக்கும் இழையான அதன் ஹீட்டர் 55 வோல்ட்டுக்கானது. நியூமன் அதை ஏறக்குறைய 36 வோல்ட்டில்தான் ஓட்டினார்கள். ஹீட்டரைக் கொஞ்சம் தணித்து ஓட்டினால் கிரிட் மின்னோட்டம் குறைந்து மைக் அமைதியாகும். மைக்குக்கு ஏற்றவையாகத் தேர்ந்தெடுத்த வால்வுகளுக்கு எம் என்ற எழுத்தைத் தனியாகக் குறித்தார்கள். அந்த வால்வின் தயாரிப்பு நின்ற பிறகு 1960இல் யூ67 வந்தபோது அவர்கள் கைக்கொண்டது, நம் சுற்றில் இருக்கும் இதே இஎஃப்86ஐத்தான். யூ47இன் ஒலி என்று நாம் மயங்குவதில் பெரும்பங்கு அதன் எம்7 கேப்சூலுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் தலைக் கூண்டுக்கும் சேர வேண்டியது. விஎஃப்14 இப்போது விற்கும் விலையில் நல்ல கேப்சூலும் நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவிட்டு மீதிப் பணத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பணத்தை அங்கே போடுங்கள்.

வீணைக்கு இனிமையாக இருக்கிறது. நான் பாடினால் "ச", "ஸ" எல்லாம் காதைக் குத்துகிறது. கேப்சூல் கே67 வகை என்று விற்றவர் சொன்னார். தள்ளி நின்று பாடியும் மாறவில்லை.
– தஞ்சாவூர் வாசகி

அம்மா, உங்கள் குரலிலோ பாடும் முறையிலோ குறையே இல்லை. கே67 வகைக் கேப்சூல் 10,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். அதன் இயல்பே அப்படி. யூ67 மைக்கின் சுற்றில் அதே அளவுக்கு அந்தப் பகுதியைத் தணிக்கும் எதிர்ப்பின்னூட்டம் இருக்கிறது. தூக்குவதும் தணிப்பதும் சேர்ந்தால்தான் அது சமநிலையான மைக். நான் கொடுத்த எளிய சுற்றில் தணிப்பு கிடையாது. அது கே47 வகைக் கேப்சூலுக்காக வரைந்தது.

வழி இரண்டு. வால்வின் பிளேட்டிலிருந்து தரைக்கு 470 பைக்கோ ஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுப் பாடிப் பாருங்கள். குத்தல் மீதமிருந்தால் 1,000 வரை ஏற்றுங்கள். 400 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். குத்தல் நன்றாகத் தணியும். அதன் மேலுள்ள காற்றோட்டமான பகுதியும் கொஞ்சம் மங்கும் என்பதுதான் விலை. வாய்ப்பாட்டுக்கே இந்த மைக் என்று முடிவானால் கே47 வகைக் கேப்சூல் வாங்கி மாற்றிவிடுங்கள். எனக்குக் கர்நாடக சங்கீதக் குரல்களுக்கு அதுதான் பிடிக்கும். கார்வையும் கமகமும் முன்னே நிற்கும். மெய்யெழுத்துகள் தங்கள் இடத்தில் நிற்கும்.

மைக்கின் உடலைக் கையால் பிடித்தால் ஹம் குறைகிறது, விட்டால் கூடுகிறது.
– யாழ்ப்பாண வாசகர்

உடலோ தலைக் கூண்டோ தரையோடு சேரவில்லை. பெரும்பாலும் கூண்டு திருகும் இடத்தில் பூசிய பெயின்ட்தான் காரணம். அங்கே சுரண்டி உலோகம் தெரியும்படி செய்யுங்கள். கூண்டிலிருந்து கேபிளின் தரை முனைவரை மீட்டரில் ஓர் ஓமுக்குள் காட்ட வேண்டும். அதன் பிறகும் ஹம் இருந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹம்மைத் தடுக்கும் உலோக உறை அல்லது ஹீட்டர். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே 100 ஹெர்ட்ஸ் என்றால் சப்ளையின் வடிகட்டி போதவில்லை.

குரலில் கீழ்ப்பகுதியே இல்லை. தொலைபேசிபோல் கேட்கிறது. 1 ஜிகா ஓம் கிடைக்காததால் கிரிட்டில் 10 மெகா ஓம் போட்டேன்.
– ஈரோடு வாசகர்

காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். 70 பைக்கோ ஃபாரடும் 10 மெகா ஓமும் சேர்ந்தால் 230 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியும். ஆண் குரலின் அடிப்படையே அங்கே இருக்கிறது. 100 மெகா ஓமாவது வேண்டும். பத்து 10 மெகா ஓம்களைத் தொடராகக் கோத்தாலும் சோதனைக்குப் போதும். ஆனால் மைக்குக்குள் இடமும் சுத்தமும் கெடும். ஜிகா ஓம் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் இருக்கிறதே, அதிலிருந்தே இந்த வால்வை ஓட்ட முடியாதா? தனிச் சப்ளைப் பெட்டி எதற்கு?
– சேலம் வாசகர்

முடியாது. ஃபேன்டம் மின்சாரம், அதாவது மைக் கேபிளிலேயே மிக்ஸர் அனுப்பும் மின்சாரம், இரண்டு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக வருகிறது. இரண்டும் இணையாக 3.4 கிலோ ஓம். அதிலிருந்து உறிஞ்சக்கூடிய உச்ச அளவே 0.17 வாட். இஎஃப்86இன் ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியர், அதாவது 1.26 வாட் வேண்டும். ஃபேன்டம் முறையே டிரான்சிஸ்டர் மைக்குகளுக்காக வந்தது. 1966இல் நார்வே வானொலிக்காக நியூமன் அதை அமைத்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்ததால் அந்த எண் நிலைத்தது.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தனி டிரான்ஸ்ஃபார்மர் விலை அதிகம். 230 வோல்ட்டை டயோடு போட்டு நேரடியாக எடுத்து, ரெசிஸ்டரால் 120 ஆக்கலாமா? சப்ளைக்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

தம்பி, கூடவே கூடாது. அப்படிச் செய்தால் மைக்கின் உலோக உடல் வீட்டு மின்கம்பியோடு நேரடியாகச் சேர்ந்துவிடும். பாடுகிறவர் அதன் அருகே உதட்டைக் கொண்டுவருவார். பிளக்கைத் திருப்பிச் செருகினால் உயிர் போகும். இதில் சிக்கனத்துக்கு இடமே இல்லை.

விலை குறைவான, பாதுகாப்பான வழி இருக்கிறது. 230க்கு 12 வோல்ட் தரும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு வாங்குங்கள். இரண்டின் 12 வோல்ட் பக்கங்களையும் ஒன்றோடொன்று இணைத்தால், இரண்டாவதன் 230 பக்கத்தில் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்ட 200 வோல்ட் சொச்சம் கிடைக்கும். அந்த 12 வோல்ட்டிலிருந்தே எல்எம்317 ரெகுலேட்டர் வைத்து ஹீட்டருக்கு நேர்மின்சாரம் எடுக்கலாம்; அதற்கும் சேர்த்து முதல் டிரான்ஸ்ஃபார்மர் 1 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். உயர் மின்னழுத்தப் பக்கம் டயோடுகளுக்குப் பிறகு 300 வோல்ட் நெருங்கும் என்பதால் கெப்பாசிட்டர்கள் 400 வோல்ட்டுக்கு ஆனவை. அங்கிருந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்று மூன்று படி வடிகட்டி இறக்கி, மைக்கை இணைத்த நிலையில் 120 வரும்படி கடைசி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த வடிகட்டியின் ஒவ்வொரு 47 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரின் குறுக்கேயும் 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி ஒரு நிமிடத்தில் கெப்பாசிட்டர் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வடிந்துவிடும். அப்போதும் மீட்டரால் அளந்த பிறகே கையை உள்ளே விடுங்கள். பெட்டியின் உலோக உடல் மூன்றாவது பின்னின் எர்த்தோடு சேர வேண்டும். பெட்டியில் துளைகள் உள்ள ஏழு முனை சாக்கெட்டை வையுங்கள். ஊசிகள் உள்ளது மைக் பக்கம் போகட்டும். கேபிள் கழன்று கிடந்தால் உயிருள்ள மின்சாரம் வெளியே தெரியக் கூடாது. மின்சாரம் இருக்கும்போது கேபிளைப் பிடுங்குவதும் செருகுவதும் வேண்டாம்.

கடைசியாக ஹீட்டர். 6.3 வோல்ட்டைப் பெட்டியில் அளந்து திருப்தி அடையாதீர்கள். மெல்லிய கம்பியுள்ள 10 மீட்டர் கேபிளில் போகவர 1.7 ஓம் வரும். 200 மில்லி ஆம்பியரில் 0.34 வோல்ட் வழியிலேயே கரையும். மைக்குக்குள், வால்வின் முனைகளிலேயே அளந்து, 6.0 முதல் 6.3க்குள் நிற்கும்படி எல்எம்317ஐத் திருப்புங்கள். கேபிளின் நீளத்தை மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது உன் ஆசிரியரோ மின்வேலை தெரிந்த பெரியவரோ பக்கத்தில் இருக்கட்டும். பிளேட், கேத்தோடு, ஹீட்டர் மூன்றின் அளவுகளையும் எழுதி அனுப்பு, தம்பி. அடுத்த இதழில் பார்ப்போம்.